எதிர்வீட்டு அடிபம்பு

வாழ்க்கையின் அர்த்தத்தைத் தேட நேரம் போதவில்லை என்று, அரை எச்பி மோட்டார் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் மாட்டியவன் நான். ஐம்பதைத் தாண்டிய, நாலு புத்தகம் படித்த மனுஷன் இப்படிச் செய்வானா என்று கேட்கலாம். படித்ததால்தான் செய்தேன்.

அன்றாடத்தின் சின்னச் சின்னத் தருணங்களில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொல்லும் புத்தகங்கள் என்னிடம் ஒரு தட்டு நிறைய உண்டு. ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுக்கும் திருவொற்றியூரில் என் வீட்டுக்கும் நடுவே, கன்டெய்னர் லாரிகளின் பின்னால் அசையாமல் நின்ற பஸ்ஸில், கம்பியில் ஒரு கையும் புத்தகத்தில் ஒரு கையுமாகப் படித்தவை அவை. எல்லாம் சொல்வது ஒன்றே: காலையில் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள், குடும்பத்தோடு உட்காருங்கள், மனம்விட்டுப் பேசுங்கள். எழுதியவர்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்துவிடும் போலிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள், விடிவதற்குள், மெட்ரோ தண்ணீர் வரும். வரும் என்றால் தானாக மேலேறி வராது. வீட்டுக்கு வீடு வாசலில் ஓர் அடிபம்பு. ஒரு சொம்புத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றிச் சமாதானப்படுத்திவிட்டு, விடாமல் அடித்தால் குடத்தில் விழும். மனைவிக்குத் தோள்பட்டை இறுகி வலது கையைத் தூக்க முடியாமல் போனதிலிருந்து அது எனக்கும் மகளுக்குமான வேலை. ஒருவர் அடிக்க வேண்டும், ஒருவர் குடம் மாற்ற வேண்டும், கை ஓய்ந்தால் ஆள் மாற வேண்டும்.

மகளுக்கு ஊரின் மறுகோடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. விடிந்ததும் கம்பெனி வேன் வந்து தூக்கிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது நான் முகத்தில் புத்தகத்தைக் கவிழ்த்துக்கொண்டு தூங்கியிருப்பேன். ஆகவே நாங்கள் ஒருவரையொருவர் விழித்த நிலையில் பார்த்தது பம்படியில்தான். அங்கே நான் மேனேஜரைப் பற்றிச் சொல்வேன், சர்க்கரை மாத்திரையைப் பற்றிச் சொல்வேன், படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிச் சொல்வேன். அவள் "ம்" என்பாள். நடுவில், குடத்தை மாற்றுகிற சத்தத்தோடு சேர்த்து, தன் சமாசாரத்தையும் வைப்பாள். காலேஜில் ஒரு பேப்பர் போனதை அங்கேதான் சொன்னாள். பொன்னேரி மாப்பிள்ளை வேண்டாம் என்றதும் அங்கேதான். இருட்டில், கண் குடத்தின் வாயில் இருக்கும்போது, முகத்தைப் பார்க்க வேண்டிய கஷ்டம் இருவருக்கும் இல்லை.

இதையெல்லாம் அப்போது நான் பேச்சுக் கணக்கில் சேர்க்கவில்லை. தண்ணீர் பிடிப்பதற்கு இடையே நடக்கிற தொந்தரவு என்றுதான் நினைத்திருந்தேன்.

பிளம்பர் வந்து குழாயை வெட்டி மோட்டாரை இணைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்து மூடிவிட்டுப் போனார். மெட்ரோ லைனில் மோட்டார் போடக்கூடாது. அதனால்தான் டிரம். எங்கள் தெருவில் டிரம் கவிழ்ந்திருந்தால் உள்ளே என்ன என்று கைக்குழந்தைக்கும் தெரியும்.

முதல் நாள் தொட்டி நிறைந்ததும் மூன்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன்.

"வாங்க, உக்காந்து பேசுவோம்."

"இன்னா பேசறது?" என்றாள் மனைவி.

"எதுனா. மனசுல இருக்கறத."

"மாவு புளிச்சிப் போச்சேன்னு மனசுல கீது. பேசட்டா?"

நான் மகள் பக்கம் திரும்பினேன். புத்தகத்தில் கண்டபடி ஒரு கேள்வி தயாராக வைத்திருந்தேன். "இந்த வாரம் உன்ன சந்தோஷப்படுத்துனது எதும்மா?"

"நைனா, எங்க ஹெச்.ஆரு இத்தத்தான் மாசாமாசம் கேட்டு சாவடிக்கிறாங்க. வூட்லயுமா?"

அதன்பிறகு தண்ணீர் நாட்களில் அவள், வேன் சீக்கிரம் வருகிறது என்று சொல்லிவிட்டு, இருட்டு பிரிவதற்குள் பையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள். மனைவி அடுப்படியில் இருப்பாள். நான் மூன்று நாற்காலிகளோடு இருப்பேன். மிச்சம் பிடித்த நேரத்தில் பெரும்பாலும் தூங்கினேன். அசதி அப்படி. அர்த்தம் தேடுவது உடம்புக்கு ஆகாத வேலை என்று எந்தப் புத்தகமும் எச்சரிக்கவில்லை.

ஒருநாள் காலை எதிர்வீட்டு அம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்பவர். வழக்கமாக என்னை 'அண்ணா' என்பார். அன்று சார்.

"இன்னா சார், டிரம்மு கவுந்து கீது? உள்ள கோழி அடை காக்குதா?"

நான் அசட்டுத்தனமாகச் சிரித்தேன்.

"சிரிக்காத சார். நீ உறிஞ்சிக்கினா எனக்குக் காத்துதான் வருது. காத்த கொடத்துல புடிச்சி கஞ்சி காய்ச்சட்டா? நான் ஏலத்துக்குப் போவணும். மீனு எனக்கோசரம் நின்னுகினு இருக்காது. உம் பொண்ணு மொகத்துக்கோசரம்தான் சும்மா கீறேன். உன் மோட்டாரு ஓஞ்சப்பால, மிச்சம் மீதி தண்ணிய அதுதான் வந்து அடிச்சித் தருது. அதுவும் புனே போய்ட்டா எனக்கு யாரு வருவா?"

"புனேவா?"

அவர் குடத்தை இடுப்பு மாற்றினார். குரலும் மாறியது.

"அய்ய, தெரியாதாண்ணா? அங்க பெரிய வேல குடுக்கறாங்களாம். போவட்டா வாணாமான்னு பேஜாராகி கீது புள்ள. வெள்ளிக்கெழமக்குள்ள சொல்லணுமாம். நான் சொன்னேன்னு சொல்லிடாதண்ணா."

ஆக, வேன் சீக்கிரம் வரவில்லை. நான் நாற்காலி போட்டுக் காத்திருந்த நேரத்தில், இருபதடி தள்ளி, தெருவுக்கு அந்தப் பக்கம், என் மகள் இன்னொருத்தர் பம்பை அடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் மனைவியைக் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவளே சொல்றேன்னா. எப்ப சொல்வா? நீங்க பேட்டி எடுக்கற நேரத்துலயா?"

மகள் ஊரைவிட்டுப் போவது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், எனக்குச் சொல்லாமலேயே முடிவு எடுத்துவிடுவாளோ என்பது. பெற்றவன்தானே, நேரே கூப்பிட்டுக் கேட்டால் என்ன என்று தோன்றும். கேட்டால் 'ஒண்ணுமில்ல நைனா' என்பாள், கதவு சாத்திவிடும். பஸ்ஸில் நின்றபடி போனில் அவளுக்கு எழுதினேன், அழித்தேன். டோல்கேட் ஸ்டாப்பிங் வந்தது. மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் தன் மகளிடம் போனில் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார். பொறாமையாக இருந்தது.

வியாழக்கிழமை தண்ணீர் நாள். மோட்டாரைப் போடவில்லை. ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். மகள் எதிர்வீட்டுப் பம்பை அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, இங்க?"

"கரண்டு இல்ல."

எங்கள் தலைக்கு மேலே தெருவிளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். பம்புக் கைப்பிடியை என்னிடம் விட்டாள். எதிர்வீட்டு அம்மாள், "அடிங்க, டீ போட்டாறேன்" என்று உள்ளே போனவர் டீயே இல்லாமல் உள்ளேயே இருந்துவிட்டார்.

அடித்தேன். இத்தனை நாள் மோட்டார் சுகத்தில் கை மறந்திருந்தது. ஒரு குடம் நிறைந்தது. அவள் மாற்றினாள்.

"இன்னா, பேசாம கீற?"

"மூச்சு வாங்குது."

"யக்கா சொல்லிச்சா?"

"இல்ல."

"பொய்."

"சொல்லிச்சு."

அவள் குடத்தின் வாயைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். அங்கே அவளுக்குக் கீழே ஆட்கள் வேலை பார்ப்பார்களாம். ரெண்டு வருஷம் என்கிறார்களாம், அப்புறம் இங்கேயே திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார்களாம், அனுப்புவார்களா என்பது தெரியாதாம். வேலை பிடித்திருக்கிறதாம். ரொம்பப் பிடித்திருக்கிறதாம்.

"அப்பறம் இன்னா யோசன? அம்மா தோளா?"

"அம்மாலாம் சமாளிச்சிக்கும்." குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தினாள். "நான் போய்ட்டா நீ யாராண்ட பேசுவ?"

கை நின்றுவிட்டது. வாஷர் தேய்ந்த பம்பு அது. கை நின்றால், ஏறிய தண்ணீர் ஒரு பெருமூச்சோடு கீழே இறங்கிவிடும். இறங்கியது. அவள் சொம்பை எடுத்து மறுபடி மேலே ஊற்றினாள். "அடி, அடி" என்றாள்.

அடித்தேன். இத்தனை வருஷம் நான்தான் அவளுக்குக் காது என்று நினைத்திருந்தேன். இருட்டில் வந்து நின்று "ம்" சொல்வதை அவள் ஒரு பொறுப்பாக எடுத்துச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அதை இறக்கி வைக்க முடியாமல்தான் ஒரு வாரமாகக் குழம்பியிருக்கிறாள். வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

"நீ போம்மா. எனக்குப் பேச பஸ்ல எத்தினி பேரு கீறாங்க."

"பாவம், அவுங்க இன்னா தப்பு பண்ணாங்க?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் அடிக்க முடியாது, தண்ணீர் இன்னொரு தரம் இறங்கியது. கடைசிக் குடம் நிறைந்ததும் அவள் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து ஆபீசுக்குப் பதில் எழுதினாள். ஈர விரலுக்குப் போன் மசியவில்லை. என் சட்டை நுனியைப் பிடித்து விரலைத் துடைத்துக்கொண்டு, மறுபடி எழுதி, அனுப்பினாள். வேன் வந்தது, போய்விட்டாள். நான் காலிக் குடங்கள் எவை, நிறைந்தவை எவை என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாரமே மோட்டாரைக் கழற்றியாயிற்று. அடுத்த மாதம் மகள் ரயில் ஏறினாள். இப்போது நான் அடிக்கிறேன், மனைவி இடது கையால் குடம் மாற்றுகிறாள். அவளிடம் புத்தகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "மொதல்ல அடிங்க" என்கிறாள். ஆபீஸ், பஸ், தண்ணீர், தூக்கம். அர்த்தம் கிடைத்ததா என்று யாராவது கேட்டால், அந்த ஒரு கேள்வியைச் சொல்வேன். என்னைப் பார்த்து ஒருத்தி, நீ யாரிடம் பேசுவாய் என்று கவலைப்பட்டாள். நடுவயதுக்கு அது போதும் என்று இருக்கிறேன்.

இந்த நினைப்பை மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருமுனையில் கூடையை இறக்கி வைத்திருந்த எதிர்வீட்டு அம்மாளிடம் மீன் வாங்கப் போன இடத்தில், அதைச் சொன்னேன். அவர் மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"அட, நீ வேறண்ணா. 'எங்க நைனாவ எதுனா ஒரு புஸ்தகத்தப் பத்தி கேட்டு உட்டா போதும்க்கா, ஆளு மாத்தக்கூட சொல்லாம அத்தினி கொடத்தையும் அவுரே அடிச்சி முடிச்சிருவாரு'ன்னு சொல்லிச் சொல்லி சிரிக்கும் அந்தப் பொண்ணு. சங்கரா போடட்டா, காரப்பொடி போடட்டா?"