கண்காட்சி வரட்டும்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "டீச்சர், வீட்ட எப்பவும் புதுசாவே வச்சிருக்கீங்க." புதுசாகத்தான் இருக்கும். ஒரு சாமான் பழசாவதற்குள் என் வீட்டுக்காரர் அதை உடைத்துவிடுவாரே, அப்புறம் எங்கே பழசாக?

சாப்பாட்டு மேசைக் கண்ணாடி, குழம்பில் உப்பு கூடிப்போன அன்று போனது. வாஷ்பேசினுக்கு மேலே இருந்த கண்ணாடி, அதில் என் தலையை வைத்து இடித்த அன்று போனது. முன்நெற்றியில் தையல் போட்டார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். "பாத்துப் போகக் கூடாதா டீச்சர், எம்புட்டு ரத்தம் போயிருக்கும்" என்று பாவப்பட்டார்கள். சொன்ன பொய்க்குத் துணையாக அந்த வருஷம் வழுக்காத டைல்ஸும் வாங்கிப் பதித்தோம். என் பிழைப்பு அப்படி.

வெளியே அவரைப்போல ஒரு தங்கமான மனுஷன் கிடையாது. ஆபீஸில் எல்லாருக்கும் அண்ணன். சர்ச் பாடகர் குழுவில் இவர் குரல் இல்லாவிட்டால் பாட்டே எழும்பாது என்பார்கள். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நாற்காலி தூக்கிப் போடுவார். அந்தக் கை வீட்டுக்குள் வந்தால் வேறு கையாகிவிடும்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. உடைத்த மறுநாள் காலையில் அவரே துடைப்பத்தை எடுப்பார். சில்லுகளை ஒன்று விடாமல் கூட்டி, பழைய பேப்பரில் சுற்றி, குப்பைக்காரர் கையில் குத்தாதபடி கயிறு கட்டி வைப்பார். கட்டி முடித்துவிட்டு, "கண்காட்சி வரட்டும், நல்லதா வாங்கிருவோம்" என்பார். அத்தோடு முடிந்தது.

தமுக்கம் மைதானத்தில் வருஷா வருஷம் பந்தல் போடுகிற அந்த வீட்டு அலங்காரக் கண்காட்சியைத்தான் சொல்கிறார். சோழவந்தான், மேலூர் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் குடும்பத்தோடு வேன் பிடித்து வந்து, வாங்க முடியாத சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, டெல்லி அப்பளம் தின்றுவிட்டுப் போவார்கள். நாங்கள் அந்த வருஷம் உடைந்ததைப் பார்த்து வாங்கப் போவோம். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு தடவையும் தவறியதில்லை. அன்றைக்கு அவர் இஸ்திரி போட்ட சட்டை, செண்டு, சிரித்த முகம். "உனக்கு எந்தக் கலர் புடிச்சிருக்குன்னு சொல்லு" என்று என்னைக் கேட்டுத்தான் எதையும் எடுப்பார். அடித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்தக் கலர் கேட்கிறதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன வருஷம் உடைந்தது எங்கள் மகளின் அறைக் கதவு. அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, போதகர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்குள் வந்து அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அங்க என்னடி அம்புட்டுச் சிரிப்பு?" என்று கையை ஓங்கிவிட்டார். மகள் என்னை இழுத்துக்கொண்டு தன் அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். அது பி.வி.சி. கதவு. "தொறடி! தொறக்கிறியா இல்லையா!" என்று உதைத்தார். தாழ்ப்பாள் ஸ்க்ரூவோடு பிய்ந்து பறந்து மகளின் புருவத்தில் பட்டது. ரத்தத்தைத் துடைக்கக்கூட நேரமில்லை, பெல்ட்டோடு உள்ளே வந்துவிட்டார். அவள் என் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். எனக்கு வந்த அடியெல்லாம் என் பிள்ளையின் முதுகில் விழுந்தது.

மறுநாள் காலையில் கூட்டினார். கயிறு கட்டினார். "கண்காட்சி வரட்டும்" என்றார். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று அந்த வாசலில் ஒரு பழைய திரைச்சீலையைத் தொங்கவிட்டேன்.

அன்று சாயங்காலம் மகள் என்னிடம் சொன்னாள்: "அம்மா, எனக்கு வேற ஒண்ணுமே வேணாம். உதைச்சா ஒடையாத கதவு ஒண்ணு வேணும். இல்லாட்டி என்னைய ஹாஸ்டல்ல சேத்துரு. நான் இங்க இருக்க மாட்டேன்."

ஹாஸ்டலில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள், அம்மாக்களைச் சேர்ப்பதில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் அவரும் மட்டும்.

வீடு என்னுடையதுதான். பழங்காநத்தத்தில் என் அப்பா எனக்குக் கொடுத்த இடம், என் சம்பளத்தில் லோன் போட்டுக் கட்டியது. அப்படியிருக்க அவரை வெளியே போகச் சொல்ல வேண்டியதுதானே என்று இப்போது யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சத்தியமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. அடி வாங்குகிறவளுக்கு எந்த அறைக்குள் ஓடலாம் என்றுதான் புத்தி போகும்.

கண்காட்சி வந்தது. மூன்று பேரும் போனோம். பந்தலுக்குள் வெக்கை. ஒரு பக்கம் மிக்ஸி ஓடுகிறது, ஒரு பக்கம் டிரில்லிங் மெஷின் சுவரைத் துளைக்கிறது, ஒவ்வொரு ஸ்டாலிலும் மைக்கில் கத்துகிறார்கள். அவர் முகத்தைவிடப் பெரிய அப்பளம் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் போட்டபடி முன்னே நடந்தார்.

கடைசியில் கதவு ஸ்டால். ஒரு மேடை போட்டு, அதன் நடுவில் நிலையோடு ஒரு ஸ்டீல் கதவை நிறுத்தியிருந்தார்கள். சுற்றிச் சுவர் கிடையாது. கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள், அதற்குப் பின்னால் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சட்டைக் காலரில் மைக் மாட்டிய ஸ்டால்காரர் கூவினார்: "உதைங்கண்ணே! உதைச்சுப் பாத்துட்டு வாங்குங்க! ஒடைச்சிட்டா ஒரு கதவு ஓசி!"

இளவட்டங்கள் ஓடி வந்து தோளால் மோதித் தெறித்து விழுந்தார்கள். "மாப்ள, போயி பரோட்டா தின்னுட்டு வாடா!" என்று கூட்டத்தில் கேலி. கதவு அசையவில்லை. என் மகள் மேடை அருகே போய் அதன் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். "அம்மா, இது" என்றாள்.

"இதா? வீட்டுக்குள்ள எதுக்கு இரும்புக் கதவு, ஜெயிலு மாதிரி?" என்றார் அவர். "அங்கிட்டு மரக் கலர்ல பி.வி.சி. பாத்தேன். அது போதும், வாங்க."

பி.வி.சி. போதுமாம்! அடுத்த தடவை உதைக்க வசதியாக இருக்க வேண்டாமா? எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. பதினெட்டு வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தவள், அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னேன்: "தம்பி, எங்க வீட்டுக்காரர் உதைப்பாரு. அவருக்கு அது நல்லா வரும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அண்ணே, வாங்கண்ணே! அக்காவே சொல்லிட்டாங்க!" என்று ஸ்டால்காரர் கையைப் பிடித்து இழுத்தார். நாலு பேருக்கு நல்லவர் எப்படி மாட்டேன் என்பார்? சிரித்துக்கொண்டே அப்பளத்தை என் கையில் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார்.

அவர் மற்றவர்களைப்போல ஓடி வரவில்லை. கதவுக்குக் கிட்டே போய், இடுப்பைத் திருப்பி, பூட்டுக்குச் சற்றுக் கீழே குதிகாலால் விட்டார். வீட்டில் உதைக்கிற அதே இடம். தொம்மென்று அதே சத்தம். மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆகா, அண்ணனுக்குப் பழக்கம் இருக்கும் போல!" என்றார் ஸ்டால்காரர். கைதட்டல். மறுபடி உதைத்தார். கதவு அசையவில்லை. "விடுங்கண்ணே, வயசாயிருச்சு" என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு.

அந்தச் சிரிப்பில்தான் அவர் முகம் மாறியது. கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த முகம் அது. இரண்டு கையாலும் கதவில் குத்தினார், விரல் முட்டி கிழிந்து வெள்ளைப் பெயிண்டில் ரத்தம் அப்பியது. நெஞ்சால் மோதினார். உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கத்தினார்.

"தொறடி! தொறக்கிறியா இல்லையாடி! ஆத்தாளுக்கும் மகளுக்கும் அம்புட்டுத் திமிரா? வெளிய வந்தீங்க, ரெண்டு பேரையும் கொன்னுருவேன்!"

ஸ்டால்காரரின் காலர் மைக் அத்தனையையும் பிடித்துப் பந்தல் முழுக்கப் போட்டது. சிரிப்பு நின்றுபோனது. பக்கத்து ஸ்டாலில் டிரில்லிங் மெஷினை நிறுத்தினார்கள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, இன்னும் உதைத்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் அந்த மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே" என்றார் ஸ்டால்காரர், மெதுவாக. "உள்ள யாரும் இல்லண்ணே."

அவர் நின்றார். மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற புர்கா போட்ட அம்மா ஒருவர் என் மகளின் புருவத்தைப் பார்த்தார், பிறகு என் நெற்றியை. நான் எப்போதும் முடியை இறக்கி வாரி அந்தத் தழும்பை மறைத்திருப்பேன். அன்றைக்கு முடியை ஒதுக்கி நன்றாகவே காட்டினேன்.

அது போதும் அவருக்கு. மேடையிலிருந்து இறங்கிய வேகத்தில் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். காது அடைத்தது, கையிலிருந்த அப்பளம் நொறுங்கிப் புடவையெல்லாம் கொட்டியது. மறுகையை ஓங்கும்போது, சற்றுமுன் கதவில் மோதி விழுந்த இளவட்டங்கள் அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்கள். சட்டை கிழிந்தது. "என் பொண்டாட்டிடா, எவன்டா கேக்குறது?" என்று திமிறினார். "கைய எறக்குங்கண்ணே, மருவாதையா சொல்றோம்" என்றான் ஒருவன். இழுத்துக்கொண்டு போய் வாசலில் விட்டார்கள். அவமானப்பட்டால் எப்போதும் போகிற இடத்துக்குத்தான், சோழவந்தானில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்கு, அன்றைக்கும் பஸ் ஏறினார்.

ஸ்டால்காரர் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். எனக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். "அக்கா, எந்த ரூமுக்குக் கதவு?" என்றார்.

"என் ரூமு..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"வாசலுக்கு" என்றேன். "நாளைக்கே வந்து மாட்டிக் குடுங்க தம்பி."

மாட்டிக் கொடுத்தார்கள். அந்த வாரமே அவர் வந்தார். சாவி சேரவில்லை. கதவைத் தட்டினார், கூப்பிட்டார், பிறகு அதே இடத்தில் உதைத்தார். நானும் மகளும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் உதைத்துவிட்டுப் போய்விட்டார்.

மகள் அறை வாசலில் இன்னமும் அந்தத் திரைச்சீலைதான். இந்த வருஷக் கண்காட்சியில் அதற்கும் ஒரு கதவு பார்ப்போமா என்று கேட்டேன்.

"எதுக்கும்மா?" என்றாள்.