ஒன்றரைக் கிளிப் உயரச் சிப்பாய்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம்.

எண்பதுகளின் பின்பாதியில் கொடைக்கானலில் ஒரு பிள்ளைகள் விடுதியின் சலவை அறையில் எனக்கு வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். வேலையோடு சேர்த்து வளாகத்துக்குள்ளேயே ஒற்றை அறையும் கொடுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் பள்ளங்கிப் பக்கம் உருளைக்கிழங்குக் காட்டில் தினக்கூலி. மழை பிடித்தால் அவருக்குக் கூலி கிடையாது. ஆகவே என் வேலை போனால் கூரையும் போகும்.

எனக்கு முன்னால் அங்கே துவைத்தவளை ஒரு கைக்கடிகாரம் காணாமல் போனதற்காக அனுப்பிவிட்டார்களாம். பத்து நாள் கழித்துக் கடிகாரம் ஒரு காலுறைக்குள் கிடைத்தது. அவளைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. நான் சேர்ந்த அன்றே சமையல்காரர் இந்தக் கதையைச் சொல்லி, கூடவே ஒரு டம்ளர் டீயும் கொடுத்தார். அவள் உள்ளூர்க்காரி, அவளுக்கே இந்தக் கதி. நானோ சிலோனில் தேயிலைத் தோட்ட லயக் குடியிருப்பிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். ‘முடியாது’ என்பதற்கு ‘ஏலாது’ என்று வாய் தவறிச் சொன்னாலே திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கே பிள்ளைகளின் பெயர் எனக்குத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு துணியிலும் சிவப்பு நூலால் ஒரு நம்பர் தைத்திருக்கும். ஊறப் போடுவதற்கு முன்னால் எல்லாப் பைகளிலும் கைவிட்டுப் பார்ப்பேன். கோலி, பென்சில், மிட்டாய்த் தாள், ஒரு தடவை உயிரோடு ஒரு தவளை. கிடைப்பதை நம்பர் எழுதிய சீட்டில் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவேன். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டப்பாவைத் திறந்து நம்பர் கூப்பிட்டுக் கொடுப்பேன். தவளையை மட்டும் அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

துணி காயப்போடும் முற்றத்தை ஒட்டி ஒரு குட்டைச் சுவர் இருந்தது. பையன்கள் தங்கள் பொம்மை வீரர்களை அதன்மேல்தான் அணிவகுப்பார்கள். நான் கயிற்றில் துணி மாட்டிக்கொண்டே பார்ப்பேன். என்னிடம் இருந்த அளவுகோல் மரக் கிளிப்தான். அமெரிக்காவிலிருந்து வரும் சிப்பாய்கள் ஒன்றரைக் கிளிப் உயரம். முழங்கை மடங்கும், முழங்கால் மடங்கும், இடுப்பு திரும்பும். விரல் நகமளவு முகத்தில் புருவம்கூடத் தனியாகத் தெரியும். இன்னொரு வகை, இரண்டு கிளிப்புக்கும் மேலே. பயில்வான் உடம்பு, சப்பைக் கால், சட்டையே கிடையாது. இடுப்பைத் திருகிவிட்டால் தானாகத் திரும்பி வந்து குத்து விடும். இரண்டையும் ஒரே சண்டையில் சேர்க்கலாமா கூடாதா என்று ஒரு மாதம் சச்சரவு நடந்தது. பயில்வான்கள் பக்கத்தில் சிப்பாய்கள் பால் மறக்காத பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். கடைசியில், அளவு ஒத்தவன்தான் சண்டைக்கு வரலாம் என்று சட்டம் போட்டவன் பதினெட்டாம் நம்பர்.

பதினெட்டு வெள்ளைக்காரப் பையன். ஆனால் மலையிலேயே பிறந்தவன், நம் பஜார் தமிழ் பேசுவான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனுக்கு அட்டைப் பெட்டி வரும். பொம்மையைச் சோதிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒற்றைக் காலில் நிறுத்துவான், இடுப்பைத் திருப்புவான், மோந்து பார்ப்பான், பிறகு தீர்ப்புச் சொல்வான். நான் துணியைப் பார்ப்பதும் அப்படித்தான். தையல் எப்படி, சாயம் நிற்குமா, ஓரம் பிரியுமா. அதனால் அவனை எனக்குப் பிடித்தது.

அறுபத்து மூன்று ஒரு போதகரின் மகன். அப்பா பாச்சலூர்ப் பக்கம் சின்னச் சபையொன்றில் ஊழியம் செய்தார். அவனிடம் இருந்ததெல்லாம் ஏரிக்கரைக் கடையில் வாங்கிய இரண்டு பொம்மைகள். ஒன்றே முக்கால் கிளிப் உயரம், உள்ளே பொள்ளல், கால் மடங்காது. கண்ணுக்கு வைத்த கறுப்புப் புள்ளி கன்னத்தில் இருந்தது. பதினெட்டு அவற்றைச் சோதித்துவிட்டு, “இது சேராது. சைஸே வேற” என்றான். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அறுபத்து மூன்று சுவரின் கடைசியில் தனியாக உட்கார்ந்து, தன் இரண்டு பேரையும் ஒருவரோடொருவர் மோதவிட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வியாழக்கிழமை விளையாட்டு உடுப்புகளின் முறை. எல்லாம் வெள்ளை. சோடா போட்டுக் கொப்பரையில் வேகவைக்க வேண்டும். மஞ்சு இறங்கிவிட்டால் காயாது என்று வெள்ளனவே ஆரம்பித்தேன். அவசரத்தில் ஒரு மூட்டையைப் பை பார்க்காமல் அப்படியே உள்ளே தள்ளிவிட்டேன். அரை மணி கழித்துக் கழியால் கிளறும்போது ஒரு கால்சட்டைப் பையில் எதுவோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் ஒரு சிப்பாயின் மேல்பாதி. பையைத் திருப்பினேன், கீழ்ப்பாதி விழுந்தது. பச்சை வெளிறிப் போயிருந்தது. நடுவில் அறுந்த ரப்பர் ஒன்று பிசுபிசுவென்று தொங்கியது. கால்சட்டையில் நம்பர் அறுபத்து மூன்று.

அவனுக்கு யாரோ நல்ல பொம்மை ஒன்று கொடுத்திருக்கிறார்கள், நான் அதை அவித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரனம்மாவிடம் சொல்லலாம். பை பார்க்காமல் துணியை வேகவைத்தாயா என்று கேட்பார், பிறகு நிரந்தரமாவது ஒன்றாவது. அதே மாதிரி ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் என்ன?

ஆனால் அதே மாதிரி என்பது எது? இதைக் கையில் வைத்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது? கிளிப் அளவு போதாது, நிறமும் தடிமனும் ஒத்துவர வேண்டும். அப்படியென்றால் பொம்மையை வெளியே கொண்டுபோக வேண்டும். கேட்டில் காவலாளி எங்கள் பையைத் திறந்து பார்த்துத்தான் விடுவார். ஒரு பிள்ளையின் பொருளோடு அங்கே பிடிபட்டால் என் வாயிலிருந்து வரும் எந்தச் சொல்லும் எடுபடாது.

வெள்ளிக்கிழமை சிப்பாயின் இரண்டு பாதிகளையும் கொண்டைக்குள் செருகிக்கொண்டு போனேன். காவலாளி பையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “என்னம்மா, காய்ச்சலா? வேர்த்துக் கெடக்கு?” என்றார். நான் தலையாட்டவில்லை. ஆட்டினால் விழுந்துவிடும்.

ஏரிக்கரைக் கடைக்காரரிடம் மூன்று விதம் இருந்தது. அறுபத்து மூன்றிடம் இருந்த பொள்ளல் வகை. பயில்வானைப் பார்த்துச் செய்த ஒரு நகல், அதில் மண்ணெண்ணெய் நாற்றம். கடைசியாக, நம் நாட்டிலேயே செய்து புதிதாக வர ஆரம்பித்திருந்த சிப்பாய். அதை என்னுடையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். உயரம் ஒரு மயிரிழை பிசகவில்லை. மடிப்பு, முகம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் இவன் காக்கி, அவன் பச்சை. இவன் உதட்டில் சாந்து வைத்த மாதிரி ஒரு சிவப்பு. பதினெட்டின் முன்னால் ஒரு நிமிஷம் தாக்குப்பிடிக்க மாட்டான்.

கடைக்காரர் என் கையிலிருந்ததை எட்டிப் பார்த்தார். “ஒசந்த சரக்காச்சே. எங்கிட்டுங்க புடிச்சீங்க?” என்றார். பிள்ளையுடையது, சுடுதண்ணீரில் விழுந்துவிட்டது என்றேன். பாதி உண்மைதானே.

“இதுக்கா புதுசு தேடுறீங்க? இங்க பாருங்க, முதுகுல ஸ்க்ரூ இருக்கு” என்று சொல்லி, மூக்குக்கண்ணாடி முடுக்கும் குட்டித் திருப்புளியை எடுத்தார். முதுகைத் திறந்தார். “ஒடம்பையும் காலையும் புடிச்சு வைக்கிறது உள்ள இருக்குற ரப்பருதான். அது போனா ஆளே போச்சு” என்றார். சைக்கிள் வால் டியூபில் ஒரு துண்டு நறுக்கி முடிச்சுப் போட்டு மாட்டி மூடினார். சிப்பாய் முழுசானான். இடுப்பு மட்டும் கொஞ்சம் இறுக்கம்.

திரும்பி வரும்போது சிப்பாயின் முழங்காலை மடக்கி, இடுப்பை மடித்து, கொண்டைக்குள் உட்காரவைத்தேன். பொள்ளல் பொம்மையாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. நல்ல சரக்கென்று நான் ஒத்துக்கொண்டது அப்போதுதான். கேட்டைத் தாண்டி வந்ததும் சீட்டில் அறுபத்து மூன்று என்று எழுதிச் சுற்றி டப்பாவில் வைத்தேன். அப்பாடா என்று இருந்தது.

சனிக்கிழமை வரிசை நின்றது. சீட்டைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நம்பர் கூப்பிட வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து மேட்ரனம்மா உள்ளே வந்தார், கூடவே பதினெட்டு.

“இவன் சிப்பாய் புதன்கிழமையிலருந்து காணலியாம். அத்தனை லாக்கரும் தேடியாச்சு. டப்பாவக் காட்டு” என்றார்.

சிப்பாய் டப்பாவின் மேலேயே கிடந்தான்.

“இது எந்த நம்பர் பையில இருந்துச்சு?”

நான் வரிசையைப் பார்த்தேன். அறுபத்து மூன்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். உதடு வெளுத்திருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. லாக்கரைத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் அழுக்குத் துணியில் ஒளித்திருக்கிறான். திருடி என்று பெயர் வாங்கிவிடக் கூடாதென்று நான் மூன்று நாளாகச் சுமந்து திரிந்தது நிஜமாகவே திருட்டுப் பொருளைத்தான்.

சீட்டு கையில் இருந்தது. நீட்டினால் எனக்கு விடுதலை. அவனை அப்பாவிடம் அனுப்பிவிடுவார்கள். அவன்மேல் கோபம்தான் வந்தது, கன்னத்தில் ஒன்று விடலாம் போல. ஆனால் கப்பலிலிருந்து இறங்கியதும் மண்டபம் முகாமில் எங்கள் மூட்டையைப் பிரித்துப் போட்டபோது என் தம்பி நின்றதும் இப்படித்தான், சுவரோடு ஒட்டிக்கொண்டு. தலையைச் சொறிகிற மாதிரி கையை உயர்த்திச் சீட்டைக் கொண்டைக்குள் செருகினேன்.

“தெரியலீங்கம்மா. சீட்டு எழுத மறந்துட்டேன்.”

“எல்லாத்துக்கும் எழுதுவ, இதுக்கு மட்டும் மறந்துட்டியா?”

அதற்குள் பதினெட்டு சிப்பாயைக் கையில் எடுத்திருந்தான். ஒற்றைக் காலில் நிறுத்தினான். இடுப்பைத் திருப்பினான். மோந்தான், உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தான். “இது என்னோடது இல்ல மேட்ரன். என்னோடது டார்க் கிரீன். இடுப்பு லூசா இருக்கும். கால்ல இங்க் புள்ளி வச்சிருப்பேன்” என்றான்.

நிறம், புள்ளி எல்லாம் கொப்பரையில் போயிருந்தன. அவன் சோதனையில் ஒரு தப்பும் இல்லை.

மேட்ரனம்மா என்னிடம் திரும்பினார். “இவனோடதும் இல்ல, யார் பைன்னும் தெரியாது. அப்ப இது எங்கருந்து வந்துச்சு? நேத்து நீ வெளிய போனியே?”

என் அறையைத் திறந்து பார்த்தார்கள். பெட்டியில் இருந்த சேலைகளை ஒவ்வொன்றாக உதறினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கொண்டையை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. “இன்னொரு தடவ இப்பிடி ஆச்சு, பொட்டியக் கட்டிக்க” என்று சொல்லிவிட்டு மேட்ரனம்மா முற்றத்துக்கு வந்தார். கையிலிருந்த சிப்பாயை என்ன செய்வதென்று யோசித்தார். சுவர்க் கடைசியில் தனியாக உட்கார்ந்து விளையாடும் பையன் அவர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். என் காதில் அறுபத்து மூன்று என்றுதான் விழுந்தது.

“ஏலே, இங்க வா. யாரும் கேக்கல, நீ வச்சுக்கோ.”

அவன் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு, தாங்க்யூ மேட்ரன் என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வாரம் முழுக்க அவன் சிப்பாயைச் சுவருக்குக் கொண்டுவரவில்லை. நானும் மேட்ரனம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைக் கீழே போட்டேன். அடுத்த வியாழக்கிழமை அவனுடைய வெள்ளைக் கால்சட்டைப் பையில் கைவிட்டேன். கைக்குட்டையில் சுற்றிச் சிப்பாய் இருந்தான். எனக்காகத்தான் போட்டிருக்கிறான். பாவி, மறுபடியும் என் தலையிலா என்று வாய்விட்டே திட்டினேன். அதை டப்பாவில் வைக்கவும் பயம், என்னிடம் வைத்துக்கொள்ளவும் பயம். கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை இஸ்திரி போட்டு மடித்த பதினெட்டின் சட்டைகளுக்கு நடுவில் சிப்பாயைச் செருகிக் கட்டி அனுப்பினேன்.

சனிக்கிழமை பதினெட்டு அதைச் சுவருக்குக் கொண்டுவந்தான். அறுபத்து மூன்றின் முன்னால் நீட்டி, “உன்னோடது என் சட்டையில வந்துருச்சு. இந்தா” என்றான்.

அறுபத்து மூன்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். “நீயே வச்சுக்கோ. எனக்கு வேண்டாம்.”

பதினெட்டு சிப்பாயைத் தன் வரிசையில் நிறுத்தினான். மற்றவர்களோடு உயரம் கச்சிதமாக ஒத்துப்போனது. இடுப்பை ஒருமுறை திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். “பரவால்ல. ஆனா தொலைஞ்சு போச்சே என் பழசு, அதுதான் ஒரிஜினல்” என்றான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் மாட்டிக்கொள்வேன் என்று ஒரு கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டேன். காயப்போட்ட போர்வைக்கு அந்தப் பக்கம் அறுபத்து மூன்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சிரிக்கவில்லை. அழவும் இல்லை.

அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. அறுபத்து மூன்று அந்த விடுதியில் இன்னும் மூன்று வருஷம் இருந்தான். அந்த மூன்று வருஷமும் அவன் அழுக்குத் துணி ஒவ்வொன்றிலும் பைகள் எல்லாம் வெளியே இழுத்துவிடப்பட்டே வந்தன. நான் கைவிட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.