அக்காவின் கல்யாணம் எத்தனை மணிக்கு நடந்தது

ஹட்டனிலிருந்து போட்டோக்காரர் வந்து சேராமல் எங்கள் தோட்டத்தில் எந்த நல்லதும் தொடங்காது, எந்தக் கெட்டதும் முடியாது. திருவிழாவில் பூசாரி சூடத்தைக் கொளுத்திவிட்டு அம்மனைப் பார்க்கமாட்டார், போட்டோக்காரரைத்தான் பார்ப்பார். அவர் தலையசைத்த பிறகே தீபாராதனை. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்களிடம், "கொஞ்சம் நிமிந்து அழுங்கம்மா, மூஞ்சி விழமாட்டேங்குது" என்பார். அவர்களும் நிமிர்ந்து அழுவார்கள். ஒரு கூட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் ஒரே மாலையை மூன்று தடவை வாங்கிக்கொண்டு மூன்று தடவையும் கண் கலங்கினார். இதையெல்லாம் யாரும் வேடிக்கையாக நினைக்கவில்லை. படத்தில் இருப்பதுதான் நடந்தது, மற்றதெல்லாம் பேச்சு.

அக்காவின் கல்யாணத்துக்கும் அவர்தான் வந்தார். எங்கள் தோட்டம் திம்புள்ளப் பக்கம். மாப்பிள்ளை றொசல்லப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தார். அக்கா கொழுந்து எடுப்பவள். நான் பள்ளிக்கூடம் போகிறவள். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான் என்பதை அந்த நாளில் கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன். இப்போதும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். பத்தரைக்கு இராகு காலம் பிறந்துவிடும் என்பதால் அதற்கு வெகு முன்பே, ஒன்பது மணிக்குக் கொஞ்சம் பிந்தி, பூசாரி தாலியை எடுத்துக் கொடுத்தார். மேளம் முழங்கியது. மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டார். அட்சதை விழுந்தது. எல்லாம் நடந்தது, ஃபிளாஷ் மட்டும் எரியவில்லை.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார் போட்டோக்காரர். "தம்பி, அவுத்துட்டு இன்னொருக்கா கட்டுங்க."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தே விட்டார். "கட்டுன தாலிய அவுக்கச் சொல்ற வாயா இது? நீங்க போட்டோ புடிக்க வந்தீங்களா, எங்குடியக் கெடுக்க வந்தீங்களா?"

"அப்ப படத்துல தாலி இல்லம்மா. ரெண்டு பேரும் பஸ்ஸுக்குக் குந்தியிருக்கிற மாதிரிதான் வரும். பொறவு என்னயக் கொற சொல்லப்படாது."

அது மாப்பிள்ளையின் அம்மாவை யோசிக்க வைத்தது. கடைசியில் தாலியைத் தொடாமல், மாப்பிள்ளை அக்காவின் கழுத்துக்குப் பின்னால் கையை வைத்து முடிச்சுப் போடுவதுபோல் இருந்தால் போதும் என்று முடிவாயிற்று. ஆனால் ஃபிளாஷ் ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. போட்டோக்காரர் அதைச் சமையல் அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தார். "சாம்பாருக்குள்ள விழுந்துச்சின்னா எல்லார் வயித்துக்குள்ளயும் வெளிச்சந்தான்" என்று சமையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே கிண்டினார். அதற்குள் முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. ஃபிளாஷ் காய்ந்ததும் மாப்பிள்ளையைப் பாதி இலையில் எழுப்பிக் கை கழுவவைத்து மறுபடியும் மணையில் உட்காரவைத்தார்கள். அட்சதை தீர்ந்துபோயிருந்தது. எல்லோரும் வெறுங்கையை வீசினோம். மாப்பிள்ளையின் கையில், ஃபெக்டரியை நடத்தும் டீமேக்கர் ஐயா இரவல் கொடுத்த கைக்கடிகாரம் இருந்தது. அது நன்றாகத் தெரியட்டும் என்று இடது கையை ஒரு சாண் முன்னுக்கு நீட்டிக்கொண்டார். இந்தத் தடவை ஃபிளாஷ் எரிந்தது.

அடுத்த வாரம் மறுவீட்டுக்கு அக்காவும் மச்சானும் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களைத் திருப்பி அழைத்துப் போக மச்சானின் அம்மா, மாமியும் வந்திருந்தார். அன்றைக்கே படமும் வந்தது. பெரிசாக்கிய படம். அக்காவின் சேலைக்கரை, அவிழ்ந்த ஒற்றை மயிர்கூடத் தெரிந்தது. மாமிக்கு வாயெல்லாம் பல். கடிகாரத்தின்மேல் விரலை வைத்து, "இது என்னா மணி காட்டுது? நீதான் படிச்ச புள்ளயாச்சே, சொல்லு" என்று என்னிடம் நீட்டினார்.

"பதினொன்னுக்குப் பத்து நிமிசம் இருக்கு மாமி."

மாமியின் விரல் அங்கேயே நின்றது.

"ராவு காலத்துலயில்ல கட்டியிருக்கான்" என்றார்.

அப்பா சிரித்தார். "என்னா தங்கச்சி, நீங்களுந்தான பக்கத்துல நின்னீங்க? நல்ல நேரத்துல கட்டுனத உங்க கண்ணால பாக்கலியா?"

"பாத்தேன் அண்ணே. இல்லேங்கல. ஆனா படத்துல அப்பிடி இல்லியே."

"அம்மா, அது சும்மா கைய வச்சிருந்ததும்மா" என்றார் மச்சான்.

"சும்மா வச்ச கையில எதுக்குடா மணி?"

பூசாரியை அழைத்து வந்தோம். தாலி எடுத்துக் கொடுத்த மனிதரே சாட்சி சொன்னால் தீர்ந்துவிடும் என்பது அப்பாவின் எண்ணம். பூசாரி படத்தைத் தூரத்திலும் கிட்டத்திலும் வைத்துப் பார்த்தார். "நான் நல்ல நேரம்னு நெனச்சுத்தான் குடுத்தேன்" என்றார். பிறகு, "அன்னைக்கு ஒரே மூட்டம். வெயிலே இல்ல. நிச்சயமா எப்பிடிச் சொல்றது?" என்றார். அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்கு அன்றைக்குப் பல்லி கத்தியது இப்போதுதான் ஞாபகம் வந்தது. பொழுது சாய்வதற்குள் கல்யாணத்துக்கு வந்த பாதிப் பேர் இராகு காலத்தில் அட்சதை போட்டவர்களாக மாறிவிட்டார்கள்.

மகன் உயிருக்கு ஆகாது என்று மாமி மச்சானை மட்டும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். மச்சான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அக்கா தகரப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் தோட்டத்து வேலைப் பதிவில் அவள் பேரை வெட்டியாகிவிட்டது. அந்தத் தோட்டத்தில் இன்னும் பதியவில்லை. விடியற்காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்றால் இரண்டு இடத்திலும் அவளைக் கூப்பிட ஆள் இல்லை. புருஷன் இருந்தும் வீடு இல்லை. மறுபடி கட்டவைக்கலாமா என்று அப்பா கேட்டதற்கு, "ஒரு தடவ கட்டுனதுக்கே இந்தப் பாடு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா ஒம்போதுன்னு சொல்லியிருந்தா என்னாவாம்?" என்று லயத்தில் என்னை ஏசினார்கள். கடிகாரம் பதினொன்றுக்குப் பத்து காட்டினால் நான் பதினொன்றுக்குப் பத்து என்றுதான் படிப்பேன். அதற்குத்தான் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள்.

மறுநாள் அப்பாவும் நானும் படத்தை எடுத்துக்கொண்டு ஹட்டன் ஸ்டூடியோவுக்குப் போனோம். போட்டோக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். ஆச்சரியப்படவே இல்லை. ஒரு சின்னத் தூரிகையை எடுத்து வாயில் வைத்துக் கூராக்கிக்கொண்டு, "எத்தன மணி வேணும்?" என்றார்.

அப்பா கடையில் சாமான் கேட்பவர் போல, "ஒம்போதர இருக்குங்களா?" என்றார்.

"ஒம்போதரன்னா பெரிய முள்ளு கீழ தொங்கும்ணே. கல்யாணப் படத்துக்கு எடுக்காது. பத்துக்கு அஞ்சு போட்டுருவமா?"

"வேணாங்க. ராவு காலத்துக்குக் கிட்ட போவுது."

"அப்ப ஒம்போதேகால். ரெண்டு முள்ளும் தராசு மாதிரி நேரா நிக்கும்."

ஒன்பதேகாலுக்குச் சின்ன முள் ஒன்பதைத் தாண்டிக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும் என்றேன். "டீச்சரம்மா சொன்னாச் சரி" என்று ஒரு மயிரிழை ஏற்றினார். அப்பாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "மக மூஞ்சி உம்முனு இருக்கு. அப்பிடியே சிரிக்க வச்சிர முடியுங்களா?"

"மணிய மாத்தலாம்ணே. சிரிப்ப மாத்துனா வேற பொண்ணாப் போயிரும். அப்புறம் அந்தம்மா அதுக்கொரு வழக்கு வைக்கும்."

தொழிலுக்கு வந்த பேச்சு என்று அவரும் எங்களோடு ரயிலேறி றொசல்லைக்கு வந்தார். ஸ்டூடியோ வாசலில் காத்திருந்த அக்காவும் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தூறல். மாமி வாசலிலேயே நின்றார். போட்டோக்காரர் படத்தைக் கொடுத்து, கொஞ்சமும் கூசாமல், "கழுவுறப்போ தண்ணி வேகத்துல முள்ளு நகந்துருச்சும்மா. இப்பத்தான் சரியா வந்திருக்கு" என்றார்.

மாமி படத்தை என்னிடம் நீட்டினார். மச்சான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என் வாயையே பார்த்தார்.

"ஒம்போதேகால் மாமி" என்றேன். படத்தில் இருந்ததைத்தான் படித்தேன்.

மாமி நீளமாக மூச்சு விட்டார். "எனக்கும் ஒம்போதேகாலுன்னுதான் ஞாபகம். அன்னைக்கே சொன்னேன், எவ கேட்டா?" ஆரத்தித் தட்டு வந்தது. சூடம் ஏற்றப் போன கை சட்டென்று நின்றது. "இருங்க, இருங்க. இப்ப மணி என்னா? நேரங்கெட்ட நேரத்துல வலது கால வச்சிரப் போறா."

யாரிடமும் கடிகாரம் இல்லை. டீமேக்கர் ஐயா தன்னுடையதை எப்போதோ வாங்கிக்கொண்டுவிட்டார். எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். அங்கேயும் மூட்டம்.

அக்கா பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "படத்துல பாருங்க மாமி" என்றாள். "ஒம்போதேகாலுதான். நல்ல நேரந்தான்."

மாமி குனிந்து படத்தைப் பார்த்தார். அவர் நிமிர்வதற்குள் அக்கா உள்ளே போய்விட்டாள்.