நிறம் மாறிய அருவி

மூன்று வருடங்களுக்கு முன் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், துறையூருக்கு மேலே உள்ள மலைக்காட்டில் ஓர் அருவிக்கரையில் நடந்தது இது.

நாங்கள் பூதலூர் பக்கத்து விவசாயக் குடும்பம். கணவர் குவைத்தில் டிரைவர். விடுமுறையில் வந்தால் கல்யாணம், காதுகுத்து, வயல் வேலை என்றே நாட்கள் ஓடிவிடும். அந்த முறை வந்து இறங்கியதுமே சொல்லிவிட்டார்.

"ஒரு நாளாவது நாம மூணு பேரும் காட்டுக்குள்ள எங்கயாவது நடந்து போய்ட்டு வரணும். அங்க மணலைப் பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போச்சு."

"பச்சைக்கு நம்ம வயல்ல என்ன குறைச்சல்?" என்றேன்.

"வயல்ல அருவி கொட்டுதா?"

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள் உடனே அப்பா கட்சியில் சேர்ந்துவிட்டாள். எங்கள் ஊரில் ஏறி நிற்க உயரமான இடம் என்றால் ஆற்றங்கரையும் மொட்டைமாடியும்தான். மலையை அவள் பஸ் ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்த்ததோடு சரி. அப்பாவும் மகளுமாக ஒரு வாரம் செல்போனும் கையுமாக இருந்தார்கள். ரொம்பச் சுலபமான பாதை, குழந்தைகள் கூட நடக்கலாம், மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று வீடியோக்களில் எல்லோரும் சொன்னார்களாம். மழை உண்டா என்றும் பார்த்தார்கள். அடிவாரத்தில் நல்ல வெயில் என்று காட்டியது. நான் என் பங்குக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டேன். புது ஷூ வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம், எனக்குச் செருப்பே போதும் என்றேன்.

பாதை உண்மையிலேயே சுலபமாகத்தான் இருந்தது. மரங்களின் வேர்களே படிக்கட்டு மாதிரி கிடந்தன. நடக்க நடக்கக் காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. முதலில் சத்தம்தான் கேட்டது. ஒரு திருப்பத்தில் அருவி முழுசாகத் தெரிந்தபோது நான் நின்றுவிட்டேன். பிறந்ததிலிருந்து தண்ணீரோடுதான் வாழ்கிறேன். ஆனால் எங்கள் ஊர்த் தண்ணீர் படுத்தே கிடக்கும், மெதுவாக நகரும். அது எழுந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று பாறை உச்சியிலிருந்து இறங்கி, கீழே தெளிந்த குட்டையாக நிறைந்து, உருண்டைக் கற்களுக்கு இடையில் ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது. என்னையறியாமல் கும்பிட்டேன்.

அவர்கள் இருவரும் குட்டையில் இறங்கினார்கள். நான் ஓடைக்கரையில் கால் நனைத்தபடி சாப்பாட்டுப் பையைப் பிரித்தேன். எங்களைத் தவிர ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர் வந்திருந்தார்கள். குளித்துவிட்டுக் கரையேறித் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு வந்த பெண் ஒருத்தி மட்டும் ஓடை நடுவே பெரிய பாறையில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் காலில் ஏதோ உரசியது. பார்த்தேன். காய்ந்த இலைகள். ஒன்றிரண்டு இல்லை, கொத்துக்கொத்தாக. அதன் பின்னால் சுள்ளி. அதன் பின்னால் நுரை. சற்று முன் கூழாங்கல் தெரிந்த தண்ணீர், டீத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது.

வானத்தைப் பார்த்தேன். மேகமே இல்லை. ஆனால் அந்த வாசனை எனக்குத் தெரியும். மேட்டூர் திறந்து, காய்ந்து கிடக்கும் எங்கள் வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் வரும்போது இப்படித்தான் குப்பையையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, மண்வாசனையோடு வரும். சாப்பாட்டுப் பையை அப்படியே போட்டுவிட்டுக் குட்டைக்கு ஓடினேன்.

"ஏறுங்க, தண்ணி வருது."

"அருவின்னா தண்ணி வரத்தானே செய்யும்?" என்று சிரித்தார்.

"விளையாடாதீங்க. இது புதுத்தண்ணி. மேல எங்கயோ மழை கொட்டியிருக்கு. புள்ளையக் கூட்டிக்கிட்டு ஏறுங்க."

என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சிரிப்பை நிறுத்தினார். மகளின் கையைப் பிடித்து மேட்டுக்கு ஏற்றிவிட்டார். அந்தப் பெண்ணின் நண்பர்களும் விஷயம் புரிந்து அவளைக் கூப்பிட்டார்கள். எல்லோருமாகக் கத்தினோம். அருவி இரைச்சலில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் கால் வைத்து ஏறிய சின்னக் கற்கள் ஒவ்வொன்றாக மூழ்கிக்கொண்டிருந்தன.

எப்படித் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. நடவு ஆரம்பிக்கும்போது வயலில் நாங்கள் குலவை போடுவோம். நாக்கைச் சுழற்றி எழுப்பும் அந்தச் சத்தம் பக்கத்து ஊர் வயல் வரை போகும். இரண்டு கையையும் வாயருகே குவித்து, அடிவயிற்றிலிருந்து குலவை போட்டேன். மூச்சு முடியும்வரை போட்டேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

நாங்கள் கையசைப்பதைப் பார்த்தாள். காலடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். அழுதுகொண்டே இறங்கினாள். முழங்காலுக்கு மேல் தண்ணீர், நல்ல இழுப்பு. என் கணவரும் அந்த இளைஞர்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சங்கிலி போல இறங்கி அவளை எட்டிப் பிடித்தார்கள். இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள்.

அதற்குப் பிறகுதான் அது வந்தது. மேலே யாரோ லாரி லாரியாகக் கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம். பாறை உச்சியில் வெள்ளையாக இருந்த அருவி, கண் முன்னாலேயே செம்மண் நிறச் சுவராக மாறியது. வேரோடு ஒரு மரம் அதில் வந்து விழுந்தது. குட்டை எது, ஓடை எது என்று தெரியவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பாறை இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. நின்ற தரை அதிர்ந்தது. சாரல் எங்கள் முகத்தில் மண்ணாக அடித்தது. எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் பார்வையை எடுக்க முடியவில்லை. அவ்வளவு பெரியதாக ஒன்று நடக்கும்போது நம்மைக் கேட்டு நடப்பதில்லை என்பது மட்டும் உறைத்தது.

அந்தப் பெண் என் கையை விடவே இல்லை. வெகுநேரம் கழித்து, "அக்கா, அது என்ன சத்தம்?" என்றாள்.

"நடவுல போடுற குலவைம்மா."

"எதோ பறவைன்னு நெனச்சேன். என்ன பறவைன்னு பாக்கத்தான் திரும்புனேன்."

அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. கணவர் என் தோளில் ஈரத் துண்டைப் போர்த்தினார். வெறுங்கையோடு, பசியோடு, பத்திரமாகக் கீழே இறங்கினோம்.

இப்போதும் ஒவ்வொரு ஆனி மாதமும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும்போது கரையில் போய் நிற்கிறேன். முன்பெல்லாம் சந்தோஷத்தில் கும்பிடுவேன். இப்போது அதில் கொஞ்சம் பயமும் கலந்திருக்கிறது, அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.