இரண்டு தடவை கேட்பவர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ரெட்டையார் என்று பெயர். எந்த எண்ணையும் இரண்டு தடவை சொல்லச் சொல்வார், அதனால் வந்த பெயர். "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்று கேட்டு, தானும் ஒருமுறை திருப்பிச் சொல்லி, அப்புறம்தான் கீபோர்டில் கை வைப்பார். நாங்கள் கிண்டல் செய்தால் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். எனக்கு அதுவே எரிச்சலாக இருக்கும்.

இணையத்தில் வீட்டுச் சாமான் விற்கும் கம்பெனி எங்களுடையது. வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினால், பணம் அவருடைய கார்டுக்கோ வங்கிக் கணக்குக்கோ தானாகப் போய்விடும். நூற்றில் இரண்டு மூன்று போகாது. கணக்கை மூடியிருப்பார்கள், அல்லது பெயர் ஒத்துப்போகாது. பணம் போன வழியே எங்களிடம் திரும்பி வந்து நிற்கும். அதன் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, வேறு கணக்கு எண் வாங்கி, மறுபடி அனுப்புவது ரெட்டையாரின் வேலை. அவர் பேசுவதெல்லாம் பதிவாகும். அதைக் கேட்டு மதிப்பெண் போடுவது என் வேலை. அடுத்த மேஜையில் உட்கார்ந்துகொண்டு, அவர் நேற்றுப் பேசியதை இன்று காதில் மாட்டிக் கேட்பேன்.

பணம் தருகிறோம், கணக்கு எண் சொல்லுங்கள் என்றால் இந்தக் காலத்தில் யார் நம்புவார்கள்? "வேற ஆளைப் பாரு" என்று பட்டென்று வைத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது பேரைக் கூப்பிட்டால் முப்பது பேர் திருடன் என்பார்கள். பத்தொன்பது வருடமாக இந்த மனிதர், கொடுப்பதற்காகக் கூப்பிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டிலும் பேச்சுக்கு ஆளில்லை. மனைவி இறந்து ஆறு வருடம்; பிள்ளைகள் கிடையாது. மாடியில் ஒற்றை அறை. காலையில் கிளம்பும்போது விளக்கை அணைக்க மாட்டாராம். சாயங்காலம் தெருமுனையில் திரும்பினால் ஜன்னலில் வெளிச்சம் தெரிய வேண்டும். "கரண்ட் பில்லு யார் சார் கட்றது?" என்று கேட்டேன். "நான்தாம்மா" என்றார். என் மரமண்டைக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு தையல்காரம்மாவின் பணம் திரும்பி வந்தது. அந்த அம்மா வாங்கிய தையல் மிஷினில் மூன்றாம் நாளே மோட்டார் எரிந்துவிட்டது. மிஷினைத் திருப்பி அனுப்பிய வாரமே பர்ஸ் தொலைய, பழைய கணக்கை மூடி வேறு வங்கிக்கு மாறிவிட்டார். ரெட்டையார் கூப்பிட்டதும் வழக்கம்போலத் திட்டி வைத்தார். ஆனால் பத்து நிமிடத்தில், பில்லில் இருந்த எண்ணைப் பார்த்துத் தானே கூப்பிட்டு, இவரைக் கேட்டார். யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ரெட்டையார் எழுந்து நின்று பேசினார்.

"நெஜமாவே கடையிலேர்ந்துதானா? வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க சார். சாப்பிட்டீங்களா?"



"இன்னும் இல்லம்மா."

"மணி ரெண்டரை ஆகுது! மொதல்ல போய் சாப்பிடுங்க. நம்பர் எங்கயும் ஓடிப்போயிடாது."

அவர் நிஜமாகவே போய்ச் சாப்பிட்டு வந்து மறுபடி கூப்பிட்டார். பதினான்கு நிமிடம் பேசியிருக்கிறார்கள். சட்டையில் பொத்தான் போய்விட்டது என்று இவர் சொல்ல, ஊசியில் நூலை எப்படிக் கோத்து எங்கே முடிச்சுப் போடுவது என்று அந்த அம்மா போனிலேயே பாடம் நடத்தினார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது சீருடை தைக்க ஒப்புக்கொண்டிருப்பதாகவும், துணி வந்துவிட்டதாகவும், பத்து நாள்தான் கெடு என்றும் சொன்னார். "பணம் கைக்கு வந்த அன்னிக்கே வேற மிஷின் எடுத்துடுவேன். வந்துடும்ல சார்?"

"வந்துடும்மா."

கணக்கு எண்ணை இரண்டு தடவை கேட்டு, தானும் திருப்பிச் சொன்னார். மறுநாள் அவர் சட்டையில் நீல நூலில் ஒரு வெள்ளைப் பொத்தான் இருந்தது. நாங்கள் விடவில்லை, அன்று முழுக்க அதை வைத்து ஓட்டினோம்.

ஐந்தாம் நாள் பணம் திரும்பி வந்தது. அப்படியொரு கணக்கே இல்லை என்றது வங்கி. ரெட்டையார் உடனே கூப்பிட்டு, பேங்க்கில் ஏதோ தப்பு என்றார்.

"நேத்து பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து பார்த்தாங்க சார்" என்றார் தையல்காரம்மா. "மிஷினே இல்லாம எதை வெச்சு தைப்பீங்கன்னு துணியெல்லாம் தூக்கிட்டுப் போயிட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வேலை." கொஞ்சம் நிறுத்தி, "பேங்க்காரன் பண்ணதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? அது கெடக்கட்டும், சாப்பிட்டீங்களா?" என்றார்.

 நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று இவர் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அந்தப் பதிவைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் பதிவை மறுபடி ஓட்டினேன். அந்த அம்மா கடைசி எண்ணை எட்டு என்று இரண்டு தடவை சொல்கிறார். இவரும் எட்டு என்கிறார். திரையில் இவர் போட்டிருந்தது மூன்று. வேறு யாராவது என்றால் கை தவறிவிட்டது என்று விட்டிருப்பேன். இந்த மனிதருக்குக் கை தவறாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலிலேயே மறித்து, படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஏன் சார் இப்படி பண்ணீங்க?"

முகத்தில் ஈயாடவில்லை. "பத்து நாள் இருக்குன்னாங்க. அஞ்சு நாள்ல திரும்பி வரும், மறுபடி கூப்பிடலாம்... சரியா போட்டா மீதி அஞ்சு நாள்ல போயிடும்னு நெனச்சேம்மா."

நாள் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்! அறையலாம் போல இருந்தது. "அவங்க பொழப்புல விளையாடிட்டு, பேங்க் மேல பழியைப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க. கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்க."

"சொன்னா..."

"சொன்னா என்ன, வேலை போயிடுமா?"

"வேலை இல்லம்மா" என்றார். என்ன போய்விடும் என்று பயப்படுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மத்தியானம் அவர் கூப்பிட்டார். நான் என் மேஜையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவுக்குக் காத்திராமல் அப்போதே கேட்டேன்.

"தப்பு பேங்க் மேல இல்லம்மா. நான்தான் தெரிஞ்சே ஒரு நம்பரை மாத்திப் போட்டேன். உங்ககிட்ட இன்னொரு தடவை பேசலாம்னு..." கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "இப்ப சரியா போட்டுட்டேன்."

 நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பதினோரு நொடி.

"நாப்பது பிள்ளைங்க துணி சார்."

"ஆமாம்மா."

"என்ன நம்பர் போட்டிருக்கீங்க, சொல்லுங்க."

சொன்னார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

பத்தொன்பது வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "சரி" என்றார் தையல்காரம்மா. மணி ஒன்றே முக்கால். சாப்பிட்டீங்களா என்ற அந்தக் கேள்விக்காக அவரும் காத்திருந்தார், வெட்கத்தைவிட்டுச் சொன்னால் நானும் காத்திருந்தேன். அந்த அம்மா கேட்காமலே போனை வைத்துவிட்டார்.

பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. போய்ச் சேர்ந்த பணத்துக்கு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. என் படிவத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். அவரைப் பற்றி நான் எழுதிய ஒரே பொய் அது.

பணம் சேர்ந்த அன்று மூன்று மணிக்கு அவர் பக்கம் திரும்பினேன். எட்டு வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவருடைய ஒவ்வொரு வார்த்தைக்கும் மதிப்பெண் போட்டவள் நான். ஒருநாளும் கேட்டதில்லை.

"சாப்பிட்டீங்களா சார்?"

"ஆச்சும்மா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சாப்பாட்டு டப்பா அவர் முழங்கை அருகே, காலையில் வைத்த இடத்திலேயே, திறக்காமல் இருந்தது.