நாற்பத்தொன்றாம் பக்கம்

பக்கத்தின் வலது மேல் மூலையில் எண்ணைப் போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் இட்டு, மை காயும்வரை காத்திருக்கிறார் கொளஞ்சியப்பன். வாயால் ஊதமாட்டார். ஊதினால் எச்சில் தெறிக்கும் என்பது அவர் கட்சி. முப்பத்தெட்டு காய்ந்த பிறகுதான் முப்பத்தொன்பது. திருப்பாதிரிப்புலியூர் வீட்டில், சமையலறையை ஒட்டிய மேசையில், காலை ஐந்தே காலிலிருந்து ஆறரை வரை, வாரத்தில் ஆறு நாள் இந்தப் படிப்பு வேலை நடக்கிறது. ஏழாம் நாள், போட்ட எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று சரிபார்க்கிறார்.

இடையில் ஒரு தாள் விட்டுப்போனால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? புதிதாக ஒன்றைச் செருகி ‘12-அ’ என்று போட்டுவிடுவார்கள். அது அவருக்கு ஆகவே ஆகாது. “நம்பருக்குப் பக்கத்துல ‘அ’ இருந்தா, அங்க எவனோ தப்பு பண்ணிட்டு ஒளிச்சிருக்கான்னு அர்த்தம்” என்பார். இருபத்தோரு ஆண்டுச் சேவையில் அவர் கையால் ஓர் ‘அ’ விழுந்ததில்லை.

வயது நாற்பத்தேழு. மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது. அதில் பதிவுப் பிரிவு அவருடையது. சிதம்பரம் உட்பட ஏழு கிளைகளில் ரத்தம் கொடுப்பவர்களின் பெயர், வயது, முகவரி, முடிவு எல்லாம் அவருடைய கணினிக்கு வந்து சேரும். ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பதிவாகியிருந்தால் ஒன்றாக்க வேண்டும். இரண்டு ஆள் ஒன்றாகிக் கிடந்தால் பிரிக்க வேண்டும். கேட்க எளிது. பெண்ணாடத்துப் பெண் கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் முதலெழுத்தோடு வருவாள், பின்னால் புருஷன் பெயரின் முதலெழுத்தோடு வருவாள். கிள்ளையில் ஒரு தெருவே ஒரே போன் எண்ணைக் கொடுக்கும். கொளஞ்சியப்பன் திரையைப் பார்த்தபடியே, “இது அவுங்க இல்ல, அவுங்க நாத்தனாரு” என்பார். விசாரித்தால் நாத்தனாராகவே இருக்கும்.

இந்தத் திறமைக்கு ஒரு தாள் வேண்டும் என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருக்குத் தோன்றியது. தரவு மேலாண்மைக்கு உலகம் ஒப்புக்கொள்ளும் சான்றிதழ் ஒன்று உண்டு. கணினியில் எழுதும் தேர்வு. நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேர்ச்சி. அவர் உடனே எழுதிவிடவில்லை. திட்டம் போட்டார். பதினொரு பயிற்சி வகுப்புகளை ஒப்பிட்டு, எட்டைக் கழித்து, மூன்றை வைத்துக்கொண்டார். பெரிய தாள்கள் நான்கை ஒட்டி அட்டவணை ஒன்று தயாரித்துச் சுவரில் மாட்டினார். பதினான்கு பாடங்கள் கீழே இறங்கின. பாடம் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மாதிரித் தேர்வு மதிப்பெண், முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல் என்று ஒன்பது கட்டங்கள் பக்கவாட்டில் ஓடின. முடிந்ததற்குப் பச்சை, பாதியில் நிற்பதற்கு மஞ்சள். எல்லாம் மையால் எழுதியவை. அடியில் ‘தேர்வு நாள்’ என்ற ஒரு கட்டத்தில் மட்டும் பென்சில்.

அந்தக் கட்டத்தை அவர் அழித்து அழித்து எழுதியதில் தாள் மெலிந்துவிட்டது. மனைவி மாலதியின் தம்பி கதிரவன் வரும்போதெல்லாம் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பான்.

“மாமா, இன்னும் ரெண்டு வாட்டி அழிச்சீங்கன்னா பின்னாடி செவுரு தெரியும்.”

“ஒனக்கு என்னா தெரியும் மச்சான்? அஸ்திவாரம் போடறப்போ வீடு கண்ணுக்குத் தெரியாது.”

“நாலு வருஷமாவா அஸ்திவாரம்? கீழ தண்ணி வந்துருக்குமே மாமா.”

மாலதி அடுப்படியிலிருந்து சிரிக்கும் சத்தம் கேட்கும். கொளஞ்சியப்பன் அன்றைக்கு இரண்டாவது காபி கேட்கமாட்டார்.

போன டிசம்பரில் கூடத்தின் உரிமையாளர் டாக்டர் சந்திரலேகா, கிளைக்காரர்கள் எல்லாரும் வீடியோவில் கூடியிருந்தபோது அறிவித்தார். “ஏழு பிராஞ்சுக்கும் சேத்து ஒரு டேட்டா மேனேஜர் போடறேன். வெளியாள் வேணாம். மார்ச் முடியறதுக்குள்ள உங்கள்ல யாரு அந்த சர்டிபிகேட் வாங்குறீங்களோ அவுங்களுக்கு.”

கடலூர் அலுவலகத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கொளஞ்சியப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை நேராக்கிக்கொண்டார். அப்போது சிதம்பரம் கட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“மேடம், அந்தப் பரீச்சைய யாரு வேணா எழுதலாமா?”

ஜெயராணி. சிதம்பரம் கிளையில் ரத்தம் வாங்கும் மேசைக்காரர். கொளஞ்சியப்பன் வேலைக்குச் சேர்ந்த அதே நாளில் சேர்ந்தவர். அவர் கையெழுத்துப் போட்டது காலை ஒன்பது நாற்பதுக்கு, ஜெயராணி போட்டது பத்தேகாலுக்கு. இந்த முப்பத்தைந்து நிமிட சீனியாரிட்டியை அவர் சொல்லிக் கேட்காதவர் அந்த நிறுவனத்தில் கிடையாது. ஜெயராணிக்குத் தாளில் தேதி போடும் பழக்கமே இல்லை. ஐந்தை எழுதினால் ஆங்கில எஸ் மாதிரி இருக்கும். கிளைவாரியாகப் பதிவுப் பிழைகளுக்குக் கொளஞ்சியப்பன் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். அதில் சிதம்பரத்துக்குத்தான் ஏழு கிளைகளிலும் குறைவு, சென்ற ஆண்டு பத்தொன்பது. அந்தப் பத்தொன்பது அவருக்கு ஆறுதலாகவும் இல்லை, விட்டுத்தள்ளும்படியாகவும் இல்லை. எதற்காவது சந்தேகம் வந்தால் ஜெயராணி உடனே கடலூருக்குப் போன் போடுவார். இருபத்தோரு ஆண்டுகளாக அவரும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் அந்தப் போன் வந்தது.

“கொளஞ்சி சார், தேதி போட்டுட்டேன். பிப்ரவரி எட்டு.”

“படிச்சிட்டீங்களா?”

“எங்க? புத்தகத்த இன்னும் தொறக்கவே இல்ல. தேதியப் போட்டாத்தான எனக்குப் பயம் வரும்? ஒரு ஒதவி சார். உங்க நோட்ட ஒரு மாசம் குடுங்களேன். நீங்கதான் எல்லாத்தையும் நெட்டுருவா வெச்சிருக்கீங்களே.”

புத்தகத்தைத் திறக்கும் முன் தேதி! பந்தி போட்டுவிட்டு அரிசி வாங்கப் போவது போல் இருந்தது அவருக்கு. ஆனால் நோட்டு இல்லை என்று சொல்ல வழியில்லை. ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் பிரித்து எழுதிய நூற்றுப் பன்னிரண்டு தாள்கள் தம்மிடம் இருப்பதை ஏழு கிளைகளுக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர் அவரேதான்.

கூடத்தின் சாம்பிள் வேன் தினமும் மதியம் இரண்டு இருபதுக்குச் சிதம்பரம் புறப்படும். அன்று ஓட்டுநர் அய்யனார் வாசலில் நிற்க, அவர் கோப்பைக் கடைசியாக ஒருமுறை புரட்டினார். நாற்பத்தொன்றில் விரல் நின்றது. மற்ற தாள்கள் எல்லாம் புத்தகத்திலிருந்து வந்தவை. நாற்பத்தொன்று அவரிடமிருந்து வந்தது. ‘ஒரே ஆளா, இரண்டு ஆளா?’ என்று தலைப்பிட்டு, இருபத்தோரு ஆண்டு அனுபவத்தை ஆறு விதிகளாக எழுதியிருந்தார். தேர்வில் அதிகக் கேள்வி வரும் பகுதியும் அதுதான்.

கட்டிய நூலைத் தளர்த்தி அந்த ஒரு தாளை உருவினார். மேசை இழுப்பறையில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் வைத்தார். அனுப்புகைப் பதிவேட்டில் ‘கோப்பு ஒன்று’ என்று எழுதினார். ‘பக்கங்கள்’ என்ற கட்டத்தில் நூற்றுப் பன்னிரண்டு என்று போட்டால் பொய். நூற்றுப் பதினொன்று என்று போட்டால் கேள்வி. அந்தப் பதிவேட்டிலேயே காலியாக விடப்பட்ட கட்டம் அது ஒன்றுதான்.

நான்கு நாள் கழித்து ஜெயராணி கூப்பிட்டார்.

“சார், நாப்பதுக்கு அடுத்து நாப்பத்திரெண்டு வருது.”

“ஒட்டிக்கிட்டு இருக்கும், பாருங்க.”

“பிரிச்சிப் பாத்துட்டேன். நாப்பத்தொண்ணக் காணும்.”

“வெத்துப் பேஜா இருக்கும் ராணி. நம்பர் தாவியிருக்கும்.”

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

“உங்க நம்பரா தாவுச்சி?” என்று கேட்டுவிட்டு, “சரி சார், ஆளு வந்துட்டாங்க” என்று ஜெயராணி வைத்துவிட்டார்.

பிப்ரவரி எட்டாம் தேதி மாலை நிறுவனத்தின் வாட்ஸப் குழுவில் சான்றிதழின் படம் வந்தது. எழுபத்தொன்பது மதிப்பெண். கிளையின் பின்னறையில் உட்கார்ந்து, தேர்வுக் கண்காணிப்பாளர் கேமரா வழியே பார்க்க எழுதியிருக்கிறார். “ரூமச் சுத்திக் காட்டச் சொன்னான். யூரின் ராக்க மட்டும் ரெண்டு வாட்டி காட்டச் சொன்னான், பிட்டு வெச்சிருக்கேன்னு நெனச்சிட்டான் போல” என்று ஜெயராணி குரல்பதிவு வேறு போட்டிருந்தார். இருபத்து மூன்று பேர் கை தட்டினார்கள். கொளஞ்சியப்பன் ‘வாழ்த்துகள்’ என்று எழுதி அழித்தார். ‘நன்று’ என்று எழுதி அழித்தார். மறுநாள் காலை ஒன்பது நாற்பத்திரண்டுக்கு ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினார். இருபத்து நான்காவது ஆள்.

அன்று முழுக்கச் சோற்றில் ருசி இல்லை. ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

“மாதிரிப் பரீச்சையில நான் எண்பத்தாறு” என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டே.

“அப்ப நீங்களும் எழுதிட வேண்டியதுதான? மார்ச் பதினஞ்சின்னு போட்டுருக்கீங்களே” என்றார் மாலதி. “ரெண்டு பேரும் பாஸுன்னா டாக்டரம்மா உங்களத்தான போடுவாங்க?”

“எண்பத்தாறுன்னா அவுங்களவிட ஏழுதான் ஜாஸ்தி. தொண்ணூத்தஞ்சாவது எடுக்கணும்.”

“அறுவது எடுத்தாப் போதுமாமே?”

“அறுவது எடுக்கறதுக்கா நாலு வருஷம் படிச்சேன்?”

அன்றே அட்டவணையில் பத்தாவதாக ஒரு கட்டம் முளைத்தது: மூன்றாம் திருப்புதல். மார்ச் பதினைந்து அழிந்து இருபத்திரண்டு ஆனது. இருபத்திரண்டுக்குள் பத்துப் பாடம்தான் பச்சையாயிற்று. இருபத்திரண்டு அழிந்து இருபத்தொன்பது ஆனது. இருபத்தொன்பதும் அழிந்தது. இடையிடையே அவர் ஜெயராணியின் சான்றிதழ்ப் படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, பெயரைப் பார்ப்பார், தேதியைப் பார்ப்பார், கீழே இருக்கும் எண்ணைப் பார்ப்பார். அதில் பிழை ஏதும் இருந்ததில்லை. இரண்டு மூன்று நாளில் மறுபடி திறப்பார்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி டாக்டர் சந்திரலேகா அவரை அழைத்தார். “நீங்கதான் வருவீங்கன்னு நெனச்சேன் கொளஞ்சியப்பன். ஒரு அட்டெம்ப்ட் குடுத்திருந்தாக்கூட நான் வெயிட் பண்ணியிருப்பேன்” என்றார். ஜெயராணியின் நியமன உத்தரவு அன்று மாலையே வந்தது. அதைக் கோப்பில் சேர்த்து எண் போட வேண்டியவரும் அவர்தான். போட்டார். வட்டம் மட்டும் சற்றே கோணலாக வந்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு மதியம் அய்யனார் சாம்பிள் பெட்டிகளோடு ஒரு காகிதக் கட்டையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“சார், சிதம்பரத்துலேருந்து உங்க நோட்டு. மேடம் தண்ணி படாம பாலிதீன்ல சுத்திக் குடுத்துருக்காங்க. திங்கக்கெழமலேருந்து இங்கியே வந்துருவாங்களாமே? ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா கெளம்பிருவேன்.”

மேலே ஒரு துண்டுச் சீட்டு. தேதி இல்லை. ‘சார், ரொம்ப நன்றி. 112 பக்கம். எண்ணிப் பாத்துக்கோங்க.’

எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டேதான். தாம் அனுப்பியது நூற்றுப் பதினொன்று என்பது வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நாற்பதுக்கு அடுத்து, கோடு போட்ட வேறொரு தாள் இருந்தது. நீல மையில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. ‘ஒரே ஆளா ரெண்டு ஆளா: கொளஞ்சி சார் போன்ல சொன்னது’ என்று தலைப்பு. மூலையில் எண் இல்லை; அந்த இடம் வெறுமையாக இருந்தது.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். முதல் விதி: பொம்பளைங்களுக்கு இனிஷியல பாக்காத, ஊரப் பாரு. சரி. இரண்டு: கிள்ளைன்னா போன் நம்பர நம்பாத. சரி. மூன்று: பெரியவங்களுக்குப் பொறந்த தேதி ஜூன் மாசமா இருந்தா அது பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப வாத்தியார் போட்டது, அத வெச்சி ஒண்ணாக்காத. சரி. நான்கும் ஐந்தும் ஆறும் சரி. ஓர் ஐந்து மட்டும் எஸ் போல் இருந்தது. அதன்மேல் சிவப்பு முனையைக் கொண்டுபோனார், வைக்கவில்லை.

ஏழாவது ஒன்று இருந்தது. ‘ரெட்டப் புள்ளைங்களுக்கு தேதி, இனிஷியல், போன், ஊரு எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். சிஸ்டம் ஒண்ணாக்கச் சொல்லும். ஒண்ணாக்காத, வீட்டுக்குப் போன் போட்டு ஆளக் கேளு.’

அது அவர் சொன்னதுதான். அவருடைய வாக்கியம், அவருடைய தோரணை. எப்போது சொன்னார் என்றுதான் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் தேதி வைத்திருப்பவரிடம் இதற்குத் தேதி இல்லை.

இழுப்பறையைத் திறந்து, செய்தித்தாளைத் தூக்கி, அடியிலிருந்த தம்முடைய தாளை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவருடையதில் ஆறுதான்.

“சார், கையெழுத்து” என்றார் அய்யனார்.

கொளஞ்சியப்பன் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்தார். ஜெயராணியின் தாளில், வலது மேல் மூலையில், 41 என்று போட்டு வட்டம் இட்டார். பிறகு தம்முடைய தாளை முன்னால் இழுத்தார். அதில் 41 ஏற்கெனவே வட்டத்துக்குள் இருந்தது. வட்டத்துக்கு வெளியே, எண்ணை ஒட்டி, ஒரு சிறு கோடு போட்டு, ‘அ’ என்று எழுதினார்.

“டைம் ஆவுது சார்.”

“இருய்யா” என்றார் அவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “மை காயட்டும்.”