தீர்த்தம் குடித்த தட்டிவான்

இதை எழுதலாமா, விடலாமா என்று பல வருடங்கள் இழுத்தடித்துவிட்டேன். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. தேவாரம் பார்த்து எழுதுவதும் சொந்தக்காரருக்குக் கடிதம் போடுவதும்தான் எனக்குத் தெரிந்த எழுத்து. அதைவிடப் பெரிய தயக்கம், இது அம்மனோடு சம்பந்தப்பட்டது. ஊரில் ஓடித்திரியும் கதையை நான் திருத்தப்போனால், அம்மனின் அற்புதத்தை, புதுமையை இல்லையென்று சொல்கிறேன் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். ஆனால் போன வைகாசிப் பொங்கலுக்குப் போயிருந்தபோது, அர்ச்சனைக்கு எனக்கு முன்னால் நின்ற ஒரு பிள்ளை எங்கள் தட்டிவானின் கதையை எனக்கே சொன்னாள். அவள் சொன்னதில் அம்மன் சிவப்புச் சேலை கட்டிவந்து ஸ்டியரிங் பிடித்தாராம். "அப்படியோ பிள்ளை" என்று கேட்டுக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்ததும் எழுதக் கொப்பியை எடுத்துவிட்டேன்.

தட்டிவானை இன்றைய பிள்ளைகள் கண்டிருக்க மாட்டார்கள். முன்னுக்கு லொறி மாதிரி நீட்டு மூக்கு. பின்னுக்குப் பலகையால் அடித்த உடம்பு. கண்ணாடி கிடையாது, மழை வந்தால் படங்குச் சீலையை இறக்கிவிடவேண்டியதுதான். பின்கதவு கீழ்ப்பக்கமாகத் திறந்து, இரண்டு சங்கிலியில் மட்டமாகத் தொங்கும். அதுதான் தட்டி. அதில் வாழைக்குலையும் ஏறும், ஆளும் ஏறும். மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் தகப்பன், காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வட்டக்கச்சிக்கு வந்தபோது, சட்டிபானையை ஏற்றிக்கொண்டு வந்ததே இந்த வானில்தான். அவர் காலமான பிறகு அது என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணருக்கும் பொதுவாயிற்று. அண்ணரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன்.

இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, அந்த வான் இன்னொரு பிள்ளை மாதிரி என்று எழுதினால் பொய்யாகிவிடும். பிள்ளைகளை இவர் ஒருநாளும் அப்படித் தேய்த்துக் குளிக்க வார்த்ததில்லை.

நான் சொல்வது தொண்ணூறுகளின் தொடக்கம். போர்க்காலத் தடையால் வன்னிக்குப் பெற்றோல் வருவதில்லை. பெற்றோல் வாகனங்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் ஆறிப்போன எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது. அதற்கு முதலில் ஒரு வாய் பெற்றோல் காட்டவேண்டும். எஞ்சினுக்குப் பக்கத்தில் சின்னத் தகரப்பேணி ஒன்றைக் கட்டி, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற குழாயால் அதை காபரேற்றரோடு தொடுத்திருப்பார்கள். பேணிக்குள் பெற்றோலை விட்டு, முன்னுக்கு நின்று ஹாண்டிலைச் சுற்ற, எஞ்சின் இருமி இருமி எழும்பும். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடலாம். அந்த ஒரு வாய் பெற்றோலுக்காக வாகனம் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. நாங்கள் அதை ஒரு கபில நிற இருமல் மருந்துப் போத்தலில் அடைத்து, அலுமாரியில் என் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம்.

அந்த வருடம் எங்கள் பக்கத்து அரிசி மில்லின் எஞ்சின் உடைந்துபோனது. மில்காரர் பெரியத்தானிடம் வந்து, தட்டிவானின் எஞ்சினைக் கழற்றித் தந்தால் மில் ஓடும், ஊருக்கே உபகாரம் என்றார். பெரியத்தானுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பிழையாகப் படவில்லை. உரலில் நெல் குத்திக் குத்தி என் தோள்மூட்டு கழன்றுபோயிருந்த காலம் அது.

"ஓடாத சாமானைக் கொட்டிலுக்கை வைச்சு என்ன செய்யப்போறாய்?" என்று பெரியத்தான் இவரைக் கேட்டார்.

"ஆர் சொன்னது ஓடாதெண்டு?"

"போன மாசம் சந்தையிலையிருந்து மாடு கட்டி இழுத்துவந்தது ஆரின்ரை வானாம்?"

"அது பிளக் செய்த வேலை அண்ணை. வான் என்ன செய்யும்."

பெரியத்தான் ஒரு ஏற்பாடு சொன்னார். "சரி. வாற பொங்கலுக்கு அம்மன் கோவிலுக்குக் கொண்டுபோவம். தன்ரை காலிலை போய்த் தன்ரை காலிலை திரும்பி வந்துதெண்டால் நான் பிறகு வாய் திறக்கமாட்டன். கயித்திலை கட்டுப்பட்டு வந்துதெண்டால், மில்லுக்கு."

இவர் தலையாட்டினார். அன்று விளக்கு வைக்கும்போது எதைக் கேட்டுக் கும்பிடுவது என்று எனக்கே தெரியவில்லை. இவருடைய முகத்தையும் நினைத்தேன், என் தோளையும் நினைத்தேன். எது நல்லதோ அதைச் செய் தாயே என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் திரியைத் தூண்டினேன்.

முல்லைத்தீவுப் பக்கத்துக் கடலோர அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கல் எங்களுக்கெல்லாம் பெரிய நாள். கடல் தண்ணீரை எடுத்துவந்து அதில் விளக்கெரிக்கிற கோவில் அது. சனம் ஒருபுறம் கூடும். கோவிலுக்கு அப்பால், மரங்களின் கீழே, இன்னொரு கூட்டம் கூடும். வன்னியில் உயிரோடிருந்த பழைய வாகனங்கள் எல்லாம் அங்கேதான் வந்து வரிசையாக நிற்கும். தட்டிவான்கள், ஆட்கள் இருக்க வாங்குப்பலகை போட்ட பழைய லொறிகள், ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வருகிற மூக்குபஸ். எல்லாவற்றுக்கும் மாவிலை, குருத்தோலை, சந்தனம். சிலதுக்குப் பூமாலைகூட.

ஆம்பிளைகள் அந்த இடத்தைவிட்டு அசையமாட்டார்கள். ஒருவர் போனெற்றில் காது வைத்துக் கேட்பார். ஒருவர் பலகையை விரலால் தட்டி "முதிரையோ, வேம்போ?" என்று விசாரிப்பார். றப்பர்க் குமிழ் ஹோர்னை அமத்திப் பார்க்கப் பெரிய மனிதர்களே வரிசையில் நின்றார்கள். அம்மனைக் கும்பிட்ட கையாலேயே மட்கார்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். நான் கச்சான்கடலை வாங்கிக்கொண்டு வந்து, "இஞ்சருங்கோ, மூலஸ்தானத்தை இஞ்ச மாத்திப்போட்டினமோ?" என்று கேட்டேன். இவருக்குக் காதில் விழவில்லை. ஆரோ ஒருவருடைய லொறிக்குக் கீழே கால் மட்டும் தெரிந்தது.

மூக்குபஸ்காரர் நல்ல தடித்த மனிதர். வெற்றிலை வாயோடு எங்கள் வானை ஒருதரம் சுற்றிவந்தார்.

"என்ன தம்பி, இன்னும் எரிக்கேல்லையோ இதை? நல்ல காய்ஞ்ச விறகு."

"உங்கடை பஸ் எழும்பேக்கை வாற புகையிலை எங்கடை வான் தானாப் பத்தும் எண்டு விட்டிருக்கிறம் அண்ணை" என்றார் இவர்.

பெரியத்தானும் சிரித்தார். வானின் எஞ்சினைக் கழற்றிக் கொடுக்க நினைத்திருந்தவர்தான். என்றாலும் அதை வேறொருவன் விறகு என்று சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

பின்னேரம் அர்ச்சனைக்குப் போனோம். பெரியத்தானின் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா தீர்த்தம் வாங்க ஒரு போத்தல் கொண்டுவந்திருந்தா. அதுவும் இருமல் மருந்துப் போத்தல்தான், அந்த நாளில் வேறு போத்தலுக்கு எங்கே போவது. இவர் மடியிலிருந்து பெற்றோல் போத்தலை எடுத்து அர்ச்சனைத் தட்டில் வைத்தார். பூசாரி ஐயா மூக்கைச் சுருக்கினார்.

"இதென்ன தம்பி?"

"பெற்றோல் ஐயா. வானுக்கு. ஒருக்கா அம்மாளிட்டைக் காட்டித் தாங்கோ."

"கற்பூரம் கொளுத்துற இடத்துக்கோ கொண்டந்தனீர்? அங்காலை கொண்டுபோம், அந்தத் தூணுக்கு அங்காலை வையும். அம்மாளுக்கு அங்கையும் கண் தெரியும்."

ஆனாலும் நல்ல மனிதர். பூசை முடிந்ததும் தூணடிக்கு வந்து, போத்தலின் கழுத்தில் மஞ்சள் நூல் கட்டி, குங்குமமும் வைத்துக் கொடுத்தார். அக்காவின் தீர்த்தப் போத்தலுக்கும் அதே நூல், அதே குங்குமம். இரண்டையும் அக்கா தன் பையில் பக்குவமாக வைத்தா. உலகத்தில் வேறெங்கே பெற்றோலுக்குப் பூசை செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அது எங்களில் ஒருவருக்கும் புதினமாகப் படவில்லை.

பொங்கல் முடிந்து விடிந்ததும் வாகனங்கள் வெளிக்கிடுகிற நேரம். அதுதான் அந்தக் கூட்டத்துக்கு உண்மையான திருவிழா. ஒவ்வொன்றாக எழுப்புவார்கள். சுற்றி நிற்கிறவர்கள் ஹாண்டில் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று சத்தமாக எண்ணுவார்கள். மூக்குபஸ் முதல் சுற்றிலேயே எழும்பிவிட்டது. மூக்குபஸ்காரர் இறங்கி நின்று, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

அடுத்தது எங்கள் வான். அக்கா முன்கூட்டியே பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து, மாவிலையால் நாலு சக்கரச் சில்லுக்கும் தெளித்து, மிச்சத்தை முன்சில்லின் மேலே ஊற்றிக் கும்பிட்டா. இவர் ஹாண்டிலோடு முன்னுக்கு நின்றார். மூக்குபஸ்காரர் "தள்ளுறதுக்கு ஆள் சேக்கட்டோ?" என்று கேட்டதுதான் தாமதம், பெரியத்தான் தானே போனெற்றைத் திறந்து, மற்றப் போத்தலை முழுதாகப் பேணிக்குள் கவிழ்த்தார்.

இவர் சுற்றினார். எண்ணினார்கள். வான் மூச்சே விடவில்லை. இவர் போட்டிருந்த சேட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றினார். எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இரக்கப்பட்டு எண்ணுவதை நிறுத்தினார்கள்.

மூக்குபஸ்காரர் வந்து காபரேற்றரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். விரலை விட்டு மணந்து பார்த்தார். நாக்கில் வைத்தார்.

"தம்பி, இதுக்கை துளசி மிதக்குது."

 எல்லாரும் ஒன்றாக அக்காவைப் பார்த்தோம்.

"அப்ப நான் சில்லுக்குத் தெளிச்சது?" என்றா அக்கா.

"உமக்கு மணக்கேல்லையோ?" என்றார் பெரியத்தான்.

"மணந்ததுதான். இந்த வானுக்குப் பக்கத்திலை நிண்டால் எப்பவும் உந்த மணம்தானே. நீங்கள் எங்கை பாத்து ஊத்தினனீங்கள்?"

சிரிப்பு அடங்கக் கொஞ்சநேரம் எடுத்தது. கடைசித் துளிப் பெற்றோல் மணலுக்குள் போய்விட்டது. எங்கள் ஊரிலிருந்து உழவு மிசினில் வந்திருந்தவர் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். "கட்டுவமோ அண்ணை? மில்காரரும் சந்தோசப்படுவார்." இவர் ஹாண்டிலை மடியில் வைத்துக்கொண்டு தட்டியில் போய் இருந்துவிட்டார். கோவில் பக்கம் திரும்பினேன். இப்போது எதைக் கேட்கவேண்டும் என்பதில் எனக்கு ஒரு தடுமாற்றமும் இருக்கவில்லை.

"எந்த மில்காரர்?" என்று மூக்குபஸ்காரர் கேட்டார். உழவு மிசின்காரர் விசயத்தைச் சொன்னார். மூக்குபஸ்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பெரியத்தானுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதையும் கழட்டிப்போட்டால் வாற வருசம் நான் இஞ்ச வந்து ஆரோடை கொழுவிச் சண்டைபிடிக்கிறது? மாட்டு வண்டிலோடையோ?"

 மூக்குபஸ்காரர் தன் பஸ்ஸிலிருந்து போத்தலைக் கொண்டுவந்தார். பெற்றோலைப் போத்தலால் ஊற்றிக் கொடுக்க அந்த நாளில் ஒருவருக்கும் மனம் வராது. ஒரு மூடி நிறைய அளந்து பேணிக்குள் விட்டார். அதைப் பார்த்த ஒரு லொறிக்காரர் தன்னுடையதில் ஒரு மூடி. இன்னொரு தட்டிவான்காரர், "என்னட்டைக் கிடக்கிறதே இவ்வளவுதான், பேசாதையுங்கோ" என்று பாதி மூடி. ஒருவர் பிளக்குகளைக் கழற்றித் தன் சால்வையால் துடைத்தார். பட்டுச் சால்வை அது. குழாய்க்குள் நின்ற தண்ணீரைப் பெரியத்தான் வாயால் உறிஞ்சி எடுத்தார்.

"தீர்த்தமெண்டால் துப்பக்கூடாது" என்று ஆரோ பின்னாலிருந்து சொன்னார்கள். பெரியத்தான் விழுங்கிவிட்டார்.

பிறகு தட்டியடிக்குப் போய்த் தம்பியிடம் கையை நீட்டினார். "கொண்டா ஹாண்டிலை."

இவர் கொடுத்தார். பெரியத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றினார். இரண்டாம் சுற்றில் வான் ஒருமுறை தும்மியது. மூன்றாவதில் எழும்பிக்கொண்டது. நான் கும்பிட்டதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அம்மாவும் கும்பிட்டா.

விசுவமடுவுக்கு இங்காலே வரும்வரை இவர் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினார். பெரியத்தான் தட்டியில் காலைத் தொங்கப்போட்டபடி வந்தார். கயிறு உழவு மிசினிலேயே கிடந்தது.

அடுத்தநாள் காலையில் மில்காரர் எஞ்சின் கழற்றுகிற சாவிகளோடு வந்துவிட்டார். நடந்ததெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வானைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஊராரின்ரை பெற்றோலிலை வந்தது தன்ரை காலிலை வந்த கணக்கோ?" என்று பெரியத்தானைக் கேட்டார்.

நல்ல கேள்வி. இவர் அண்ணரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியத்தான் நினைத்திருந்தால் அந்த இடத்தில் வானைக் கொடுத்திருக்கலாம்.

"கணக்கை விடும்" என்றார் பெரியத்தான். "அம்மாளின்ரை தீர்த்தம் அதுக்கை இறங்கியிட்டுது. தீர்த்தம் குடிச்சதிலை நான் சாவி வைக்கமாட்டன். உமக்குத் துணிவிருந்தால் நீர் வையும்."

மில்காரரும் அம்மனுக்குக் காவடி எடுத்தவர். சாவிகளைத் திரும்பச் சாக்கில் போட்டார். போகும்போது மட்கார்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போனார். அவருக்கு வேறு எஞ்சின் கிடைக்கும்வரை நான் நெல் குத்தினேன். தோள் நொந்தது. ஆனால் இவர் பின்னேரங்களில் வந்து உலக்கையை வாங்கிக் குத்தினார், அதற்கு முன் ஒருநாளும் செய்யாத வேலை.

பெரியத்தான் சொன்ன அந்த வார்த்தைதான் ஊரெல்லாம் நடந்து, வான் தீர்த்தத்திலேயே ஓடியது என்று ஆகிவிட்டது. தண்ணீரில் விளக்கெரிக்கிற அம்மனுக்கு வான் ஓட்டுவது பெரிய வேலையோ என்று சனம் கேட்கும்போது நான் என்ன சொல்ல. அவவால் முடியாதது ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு வான் தீர்த்தத்தில் நின்றது, மூடி மூடியாக வந்த பெற்றோலில் ஓடியது. தங்களுக்கே இல்லாத சாமானை அந்த மனிதர்கள் அளந்து ஊற்றினார்களே, அந்தக் கைகளை நீட்ட வைத்தது அம்மன் என்று நான் நம்புகிறேன். எனக்கு அந்தப் புதுமை போதும்.

இதை வாசிக்கிற நீங்கள் ஆருக்காவது சொல்வதென்றால், பெற்றோலை விட்டுவிட்டுச் சொல்லாதீர்கள். அக்கா சில்லுக்குத் தெளித்ததையும் மறைக்கவேண்டாம், அவவே சிரித்துச் சிரித்துச் சொல்லுவா. சிவப்புச் சேலை சேர்க்காதீர்கள். நடந்தது எப்படியோ அப்படியே உங்கள் வாயிலிருந்து அடுத்தவர் காதுக்குப் போகட்டும். அம்மன் துணை.